பொம்மை கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

வெளிநாட்டுக் கடைல கலெக்டிபிள் பொம்மை வாங்கி வரவழைக்கிறதப் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல ஓரமா ஒரு வரி போட்டோம். வந்து குவிஞ்சதப் பாத்தா, பீரோவுக்குள்ள பெட்டிய ஒளிச்சு வெச்சிருக்கிறவங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தெரியுது. "பொம்மை"ன்னு போட்டதுக்கே மூணு பேருக்கு கோவம், "ஃபிகர்"னு எழுதணுமாம். நான் ரெண்டையும் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

கேள்வி: ஜப்பான் கடைல ஒரு 1/7 ஸ்கேல் ஃபிகர் பாத்தேண்ணே. எடை 1.3 கிலோ, பெட்டி 35×25×20 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. ஆனா காசு கட்டப் போனா கூரியர்ல 9.5 கிலோவுக்கு கேக்குது. ஏமாத்துறானுங்களா? (பொம்மைப்பித்தன்)

ஏமாத்தல. நீங்க பொம்மையோட எடையப் பாத்தீங்க, அவங்க பெட்டியோட உடம்பப் பாத்தாங்க. டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் எல்லாத்துலயும் வால்யூமெட்ரிக் வெயிட்னு ஒண்ணு இருக்கு, விமானத்துல உங்க பெட்டி எவ்வளவு எடத்த அடைக்குதுங்கிறதுக்கான கணக்கு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்தா வர்றது கிலோ. நிஜ எடையா இந்த எடையா, எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் பில்லு.

உங்க பெட்டிக்கு 35×25×20, அதாவது 17,500, வகுத்தா 3.5 கிலோ. இதுவே நிஜ எடைய விட ரெண்டரை மடங்குக்கு மேல. ஆனா கடைக்காரங்க அந்தப் பெட்டிய அப்படியே அனுப்ப மாட்டாங்க, அனுப்பினா மூலை நசுங்கிடும், நீங்களே திட்டி மெயில் போடுவீங்க. இன்னொரு அட்டப்பெட்டிக்குள்ள வெச்சு எல்லாப் பக்கமும் அஞ்சஞ்சு சென்டிமீட்டருக்கு பபுள் ராப் அடைப்பாங்க. இப்ப வெளிப்பெட்டி 45×35×30. பெருக்குனா 47,250, வகுத்தா 9.45, கூரியர்காரங்க மேல ரவுண்ட் பண்ணி 9.5. அஞ்சு சென்டிமீட்டர்தானேன்னு தோணும், ஆனா மூணு அளவுலயும் பத்து பத்து கூடுனதுல மொத்தம் 2.7 மடங்கு ஆயிடுச்சு பாருங்க. ஒண்ணேகால் கிலோ பொம்மையும் எட்டு கிலோ காத்தும் வாங்குறீங்க. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க.

என்ன பண்ணலாம்னா, தபால்ல வர்ற வழி இருக்கான்னு பாருங்க. ஜப்பான் போஸ்ட்டோட இஎம்எஸ்ங்கிற வேகத் தபால் நிஜ எடைக்குத்தான் காசு வாங்குது, இந்த மாதிரி உடம்பு பெருசு எடை கம்மி கேஸுக்கு அதுதான் லாயக்கு. அவசரமில்லன்னா கப்பல் தபால், ஒண்ணுலருந்து மூணு மாசம் ஆகும், விலை ரொம்ப கம்மி, ஆனா ஃபிகர் செய்யற பிவிசி பிளாஸ்டிக் வெயிலுக்கு இளகுற சாதி, ஒத்தக் கால்ல நிக்கிற ஃபிகருன்னா கோடைல கப்பல்ல விடாதீங்க, சாஞ்சு வரும். அதே மாதிரி ரெண்டு பொம்மைய ஒரே பெட்டில போடச் சொன்னா பாதி ஆயிடும்னு நெனைக்காதீங்க. உங்க பெட்டி மாதிரியே ரெண்ட அடுக்கினா வெளிப்பெட்டி 45×35×50, அதாவது 15.75 கிலோ, தனித்தனியா வந்தா 18.9. மிச்சம் இருக்கு, ஆனா சொல்லிக்கிற மாதிரி இல்ல. தபால்ல வந்தா மிச்சம் கூடும், ஏன்னா அங்க மொத அரை கிலோதான் விலை, அப்பறம் ஏறுறது மெதுவா. நெண்டராய்ட் மாதிரி பத்து சென்டிமீட்டர் உயர குட்டிங்கள வாங்குறவங்க இந்தக் கவலைய எல்லாம் பாதிக்குப் பாதி மறந்துடலாம்.

கேள்வி: ஜப்பான்ல யாஹூ ஏலம், மெர்காரி மாதிரி ஆளுக்கு ஆள் விக்கிற சைட்ல எல்லாம் பழைய ஃபிகர் பாதி விலைக்கு கிடக்குது, ஆனா விக்கிறவங்க வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க. நடுவுல ப்ராக்ஸி வெச்சு வாங்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். நம்பலாமா? (பெயர் வேண்டாம், வீட்டுல படிப்பாங்க)

நம்பலாம். புயீ, ஜென்மார்க்கெட் மாதிரி கம்பெனிங்க செய்யறது இதத்தான், உங்களுக்காக அவங்க வாங்கி அவங்க குடோன்ல வெச்சிருந்து அப்பறம் உங்களுக்கு அனுப்புவாங்க. ஆனா அந்த பாதி விலைங்கிறது கடைசி வரைக்கும் பாதி விலையா இருக்காது. பொருள் விலை, ப்ராக்ஸி கமிஷன், விக்கிறவரு வீட்டுலருந்து குடோனுக்கு வர்ற உள்ளூர் பார்சல் கூலி, நாலஞ்ச ஒண்ணா கட்டச் சொன்னா அதுக்கு சில எடத்துல தனி காசு, அப்பறம்தான் வெளிநாட்டு ஷிப்பிங், கடைசில கஸ்டம்ஸ். உள்ளூர் கூலியும் பெட்டி சைஸ வெச்சுத்தான், அங்க 60 சைஸ், 80 சைஸ், 100 சைஸ்னு சொல்லுவாங்க, மூணு பக்கத்தையும் கூட்டினா வர்ற சென்டிமீட்டர்தான் அந்த நம்பர். குடோன்லயும் சும்மா கிடக்க விடமாட்டாங்க, இத்தன நாள் ஃப்ரீ, அதுக்கப்பறம் வாடகைன்னு இருக்கும், "இன்னொண்ணும் சேர்த்து அனுப்பிக்கலாம்"னு ஏலத்துல உக்காந்தே இருந்தா அந்த நாள் ஓடிடும்.

அதவிட முக்கியம் நாலு ஜப்பான் வார்த்தை, மனப்பாடம் பண்ணிக்குங்க. மிகைஃபூன்னா பிரிக்காதது. கெப்பின்னா ஏதோ ஒரு பாகம் இல்ல, கையோ ஸ்டாண்டோ. ஜங்க்குன்னா எது எப்படி இருந்தாலும் கேள்வி கேக்கக் கூடாது. நாலாவது ஹகோ நோமி, இத நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் ரொம்ப நாளா தேடிட்டிருந்த ஒரு ரோபோ, நம்ப முடியாத விலைல ஏலத்துக்கு வந்துச்சு. போட்டோவுல பெட்டி பளபளன்னு, நாலு மூலையும் கூர்மையா, ஜன்னல் இல்லாத மாடல்ங்கிறதால உள்ள என்னன்னு தெரியல. மொழிபெயர்ப்பு பட்டன அமுக்குனா பொம்மை பேரும் பக்கத்துல "பெட்டி"ன்னும் வந்துச்சு, சரி பெட்டியோட தர்றாங்க போலன்னு சந்தோஷமா ஏலம் கேட்டு ஜெயிச்சுட்டேன். மூணு வாரம் கழிச்சு பார்சல் வந்துச்சு, கையில தூக்கும்போதே மனசு ஒரு மாதிரி ஆச்சு, என்னடா இவ்வளவு லேசா இருக்கேன்னு. பிரிச்சா வெளிப்பெட்டி, அதுக்குள்ள பபுள் ராப், அதுக்குள்ள அழகா அந்த ரோபோ பெட்டி, அதுக்குள்ள ரோபோ உருவத்துக்கு பள்ளம் பள்ளமா இருக்கிற பிளாஸ்டிக் தட்டு, அந்தப் பள்ளத்துல ஒண்ணுமில்ல. ஹகோ நோமின்னா "பெட்டி மட்டும்". அத மொழிபெயர்ப்பு விழுங்கிடுச்சு, நானும் விழுங்கிட்டேன். விக்கிறவர் மேல ஒரு தப்பும் இல்ல, தலைப்புலயே எழுதித்தான் வெச்சிருந்தார். காலிப் பெட்டிக்கெல்லாம் அங்க தனி மார்க்கெட்டே இருக்கு, பெட்டி நசுங்கினவங்க வாங்குவாங்க. ஜப்பான்லருந்து காத்த வரவழைச்சு அதுக்கு ஷிப்பிங்கும் கட்டுன ஆளு நான், அந்த தகுதியிலதான் மேல அந்த காத்துக் கணக்கெல்லாம் சொன்னேன்.

கேள்வி: கிஃப்ட்னு போட்டு விலையையும் கொறைச்சு எழுதச் சொன்னா டாக்ஸ் தப்பிக்கலாமாமே? (சிக்கனக்காரி)

வேணாம். கிஃப்ட் சலுகை எந்த நாட்டுல இருந்தாலும் அது ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு அனுப்புறதுக்கு, கடை உங்களுக்கு பாசத்துல அனுப்பல. பெட்டி மேல ஒட்டுற சிஎன்22, சிஎன்23ங்கிற கஸ்டம்ஸ் பாரத்துல எழுதுற விலைதான் இன்சூரன்ஸுக்கும் கணக்கு, 20,000 யென் பொம்மைய 2,000-னு எழுதி அது வழில தொலைஞ்சா உங்களுக்கு அந்த 2,000-க்கு மேல வராது. பொய்க் கணக்குன்னு கண்டுபிடிச்சா பறிமுதல், அபராதம்னு வேற போகும். கண்டுபிடிக்கிறதும் பெரிய வித்தையில்ல, பெட்டி மேல இருக்கிற பேர நெட்டுல அடிச்சா அவங்களுக்கும் விலை வரும்.

கேள்வி: "கலெக்டிபிள்"னு எழுதினா பொம்மை வரியிலருந்து விலக்கு உண்டா? வரிய எத வெச்சு போடுறாங்க? (மோகன நிலா)

இல்ல. உலகம் பூரா கஸ்டம்ஸ்ல ஹெச்எஸ் கோடுன்னு ஒரே நம்பர் வரிசை, பொம்மைக்கு 9503. கலெக்டர்ஸ் பீஸ்னு 9705-னு ஒண்ணு தனியா இருக்கு, ஆனா அது தொல்லியல், வரலாறு, நாணயம், விலங்கியல் மாதிரி விஷயத்துல மதிப்புள்ள பொருளுக்கு. 9706 பழம்பொருளுக்கு, அதுக்கு 100 வயசு தாண்டணும், உங்க ஃபிகர் போன வருஷம்தான் பொறந்துச்சு. சில நாட்டுல கை கால் அசையாத சிலை மாதிரி ஃபிகர பொம்மைல சேர்க்காம 3926.40-ல, பிளாஸ்டிக் அலங்காரப் பொருள்னு போட்டுடுவாங்க, வரி வித்தியாசப்படும்.

இதுல ஒரு சுவாரஸ்யமான வழக்கு இருக்கு. அமெரிக்கால அப்ப மனுஷ உருவத்துக்கு "டால்"னு ஒரு வரி, மத்ததுக்கு "டாய்"னு அதவிட கம்மியா ஒரு வரி. மார்வெல் காமிக்ஸோட பொம்மைக் கம்பெனி டாய் பிஸ், அவங்களோட எக்ஸ்-மென் சூப்பர் ஹீரோ பொம்மைங்கள எறக்கிட்டு, இதுங்க மனுஷங்களே இல்ல, அதனால டால் இல்லன்னு கோர்ட்டுக்குப் போச்சு. 2003-ல அமெரிக்காவோட சர்வதேச வணிக நீதிமன்றம் ஆமா, மனுஷங்க இல்லதான்னு தீர்ப்பு குடுத்துச்சு. கதையில எக்ஸ்-மென் காலம் பூரா நாங்களும் மனுஷங்கதான்னு போராடிட்டிருந்தாங்க, சொந்தக் கம்பெனியே வரிக்காக கைவிட்டுடுச்சேன்னு ரசிகருங்க நொந்துக்கிட்டாங்க.

வரி போடுறது பெரும்பாலான நாட்டுல பொம்மை விலை, ஷிப்பிங், இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி அது மேல. அப்ப மேல சொன்ன காத்துக்கும் வரி உண்டுன்னு அர்த்தம். கூரியர்ல வந்தா உங்களுக்காக வரி கட்டினோம்னு அவங்க ஒரு கூலி தனியா வாங்குவாங்க, சின்ன பார்சலுக்கு சில நேரம் வரிய விட அந்தக் கூலி ஜாஸ்தி. "இந்த விலைக்குள்ள வரியில்ல"ங்கிற சலுகைய போன வருஷம் யாரோ சொன்னத வெச்சு நம்பாதீங்க. ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலை 1-லருந்து மொத யூரோவுலயே வாட் வாங்க ஆரம்பிச்சுது, அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் இருந்த சலுகைய 2025 ஆகஸ்ட் 29-ஓட எல்லா நாட்டுக்கும் நிறுத்துச்சு, அப்ப பல நாட்டு தபால்காரங்க அமெரிக்காவுக்கு பார்சல் எடுக்கறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. ஆர்டர் போடுற அன்னிக்கு உங்க நாட்டு கஸ்டம்ஸ் சைட்டப் பாருங்க, அவ்வளவுதான்.

கேள்வி: அடுத்த வருஷம் வர்ற ஃபிகருக்கு இப்பவே முழு காசு கேக்குறான் ஒரு கடைக்காரன். கட்டலாமா? (ப்ரீ ஆர்டர் பாதிக்கப்பட்டோன்)

நான் கட்ட மாட்டேன். பேபால்ல பொருள் வரலன்னு புகார் குடுக்க காசு கட்டுன நாள்லருந்து 180 நாள்தான். ஃபிகருங்க அறிவிச்சதுலருந்து வர்றதுக்கு ஆறு மாசம், ஒரு வருஷம் சாதாரணமா ஆகும், சொன்ன மாசத்துல வந்தா அதிசயம். அப்ப பொம்மை வரலன்னு நீங்க கண்டுபிடிக்கும்போது அந்த 180 நாளு எப்பவோ முடிஞ்சிருக்கும். கார்டுக்கும் இதே மாதிரி கெடு உண்டு, உங்க பேங்க்ல கேட்டு வெச்சுக்குங்க. அமியமி மாதிரி ஜப்பான் கடைங்கள்ல ப்ரீ ஆர்டர் போடும்போது காசு எடுக்க மாட்டாங்க, பொருள் கடைக்கு வந்ததும்தான் கேப்பாங்க. அதுக்காக ஆசைப்பட்டதுக்கெல்லாம் ஆர்டர் போட்டுட்டு அப்பறம் வேணாம்னு சொல்லிட்டிருந்தா கணக்க முடக்கிடுவாங்க, பாவம் அவங்களும் கடை நடத்தணும்ல. ஒரே மாசத்துல நாலு ப்ரீ ஆர்டர் சேர்ந்து வந்து நிக்கிற கொடுமையும் உண்டு, தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

காசு கட்டும்போது "உங்க ஊர் பணத்துல கட்டுறீங்களா"ன்னு அன்பா கேட்டா வேணாம்னு சொல்லி யென்லயோ டாலர்லயோ, அந்தக் கடை எதுல விலை போட்டிருக்கோ அதுலயே கட்டுங்க. அந்த அன்புக்குள்ள அவங்களோட மாற்று விலை ஒளிஞ்சிருக்கும், அது உங்க பேங்க் விலைய விட மோசமாத்தான் இருக்கும்.

கேள்வி: போலிய எப்படி கண்டுபிடிக்கிறது? லபுபு ஒண்ணு வாங்கினேன், சந்தேகமா இருக்கு. (பல் எண்ணியவள்)

பேருலயே பாதி பதில் சொல்லிட்டீங்க. லபுபுங்கிறது பாப் மார்ட் கம்பெனி விக்கிற, பல்லக் காட்டிச் சிரிக்கிற குட்டிப் பொம்மை, ஒரிஜினலுக்கு 9 பல்லு. கூட கொறைய இருந்தா அது லஃபூஃபூ, போலிக்கு ஊர் உலகம் வெச்ச பேரே அதுதான். 9 இருந்துட்டா மட்டும் ஒரிஜினல்னு அர்த்தமில்ல, போலி செய்யறவங்களும் எண்ணக் கத்துக்கிட்டாங்க, பெட்டில இருக்கிற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி பாப் மார்ட்டோட சொந்த சைட்டுக்குத்தான் போகுதான்னு முகவரிய நல்லா பாருங்க.

ஜப்பான் ஃபிகருன்னா, டிராகன் பால், ஒன் பீஸ் மாதிரி டோயி அனிமேஷன் வகையறா ஜப்பான் பெட்டிங்கள்ல டோயியோட ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஒரு பூனை மூஞ்சி. மத்தபடி விக்கிறவர் கம்பெனி விளம்பரப் படத்த மட்டும் போட்டு சொந்தமா எடுத்த போட்டோ ஒண்ணு கூட போடலன்னா ஒதுங்கிடுங்க. கையில வந்தப்பறம் கண்ணுங்களப் பாருங்க, போலில கண்ணு அச்சு கொஞ்சம் தள்ளி விழுந்து எங்கயோ வேடிக்கை பாக்கும், முடியோட நுனி மழுங்கலா இருக்கும், தோலு எண்ணெய் தேச்ச மாதிரி மினுக்கும். கஸ்டம்ஸ்ல போலின்னு பிடிச்சா பொம்மையும் போச்சு காசும் போச்சு.

கேள்வி: ட்ராக்கிங் ஒரு வாரமா நகரவே இல்ல. தொலைஞ்சுடுச்சா? (தூங்காதவன்)

தூங்குங்க. தபால் நம்பர் 13 எழுத்து, முன்னாடி ரெண்டு எழுத்து, நடுவுல 9 நம்பர், கடைசில நாட்டோட ரெண்டு எழுத்து, ஜப்பான்னா ஜேபி. மொத எழுத்து E-ன்னா இஎம்எஸ், C-ன்னா பார்சல், R-னா ரெஜிஸ்டர். அனுப்புன நாட்டுல "எக்ஸ்சேஞ்ச் ஆபீஸ்லருந்து கிளம்பிடுச்சு"ன்னு காட்டுறது பைக்குள்ள போட்டு கட்டியாச்சுன்னு மட்டும்தான், விமானம் ஏறிடுச்சுன்னு இல்ல. எடம் கிடைக்காம அந்தப் பை ஏர்போர்ட்லயே நாள் கணக்குல கிடக்கும், அந்த நேரத்துல யாரும் ஸ்கேன் பண்ண மாட்டாங்க. அதே நம்பர உங்க நாட்டு தபால் சைட்லயும் போட்டுப் பாருங்க, பல நேரம் அங்க ஒரு வரி கூடவே தெரியும். நெஜமாவே தேடச் சொல்லணும்னா அனுப்புன கடைதான் அங்க தபால் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும், நீங்க இங்க போய் சண்டை போட்டு புண்ணியமில்ல.

கேள்வி: லைட் எரியற ஃபிகர், பேட்டரி இருந்தா அனுப்புவாங்களா? (மின்மினி)

பேட்டரி பேரப் பாருங்க. எல்ஆர்னு ஆரம்பிச்சா ஆல்கலைன், தொந்தரவு கம்மி. சிஆர்னு ஆரம்பிச்சா லித்தியம், எந்த வழில அனுப்பலாம்னு கடைல கேட்டுக்குங்க. லித்தியம் அயன் பேட்டரிய தனியா பார்சலா பயணிகள் விமானத்துல ஏத்துறது 2016 ஏப்ரல் 1-லருந்தே தடை, அதனால எக்ஸ்ட்ரா பேட்டரி பேக் சேர்த்து ஆர்டர் போடாதீங்க. பேட்டரிய எடுத்துட்டு அனுப்பச் சொல்றதே நிம்மதி.

கேள்வி: சித்தப்பா பொண்ணு டோக்கியோ போறா. அவகிட்ட லிஸ்ட் குடுத்து விடலாம்னு இருக்கேன். என்னென்ன சொல்லி விடணும்? (அக்கா)

மொதல்ல லிஸ்ட்ட பாதியா வெட்டுங்க, அவ சுத்திப் பாக்கப் போறா, உங்களுக்கு மூட்டை தூக்க இல்ல. பொம்மைக் கடைங்க நெறைஞ்ச அகிஹபாரா ஏரியாவ எல்லாரும் சொல்லுவாங்க, பழைய சரக்குக்கு நகானோ பிராட்வேங்கிற கட்டடம், அங்க மண்டராகேங்கிற பழைய சரக்குக் கடைங்க மட்டுமே மாடி மாடியா இருக்கு. டாக்ஸ் ஃப்ரீன்னு போட்ட கடைல ஒரே நாள்ல 5,000 யென்னுக்கு வாங்கினா 10 சதவீத வரி கழியும், பாஸ்போர்ட் கையில இருக்கணும், பொருள அவளே நாட்ட விட்டு எடுத்துட்டு வரணும், வாங்கிட்டு தபால்ல போட்டுடலாம்னா ஆகாது. 2026 நவம்பர் 1-லருந்து முறை மாறுது, வரியோட காசக் கட்டிட்டு கிளம்பும்போது ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல காட்டினப்பறம்தான் திரும்பக் கிடைக்கும், அதனால பொம்மைய செக்-இன் பண்ற பெட்டிக்குள்ள போட்டு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த வேலைய முடிக்கச் சொல்லுங்க. துப்பாக்கி, கத்தி வெச்சிருக்கிற ஃபிகருன்னா அந்த பாகம் கைப்பைல வேண்டாம், செக்யூரிட்டில பிடுங்கினா அப்பறம் நீங்களே கெப்பின். ரசீதெல்லாம் ஒரே கவர்ல. இங்க எறங்கும்போது கஸ்டம்ஸ்ல அவ பேருல இருக்கிற அளவுக்கு மேல போனா வரி நீங்க கட்டுங்க, தங்கச்சி தலைல கட்டாதீங்க.

கேள்வி: வந்த பெட்டிய பிரிக்கறதா, அப்படியே வெக்கறதா? (குழப்பம்)

பிரிங்க. பிரிச்சாதான் உள்ள உடைஞ்சிருந்தா தெரியும், கடைங்க புகாருக்கு குடுக்கிற நாளு கம்மி, பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்குங்க, வெளிப்பெட்டி மேல இருக்கிற ஸ்டிக்கர்லருந்து ஆரம்பிச்சு. இன்னொரு விஷயம், பிவிசிய வளைய வெக்கிறதுக்கு கலக்குற பிளாஸ்டிசைசர் மெல்ல வெளிய கசியும், மூடுன பெட்டிக்குள்ள போக வழியில்லாம பொம்மை மேலயே படிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். ஆயிடுச்சுன்னா வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு மெதுவா கழுவி நிழல்ல காய வைங்க, வெயில் வேணாம். வெளிப்பெட்டிய தூக்கிப் போடுங்க, பொம்மைப் பெட்டிய மட்டும் வெச்சுக்குங்க, விக்கும்போது விலை நிக்கும்.

பெட்டி வேண்டவே வேணாம்னா பழைய சரக்குல "லூஸ்"னு தேடுங்க, பெட்டியில்லாம வெறும் பொம்மை, விலையும் கம்மி, பபுள் ராப் சுத்தி குட்டிப் பார்சல்ல வரும், காத்துக்கு காசு இல்ல. நானும் தேடிட்டுத்தான் இருக்கேன், பெட்டி எங்கிட்ட தயாரா இருக்கு, அந்த ரோபோ மட்டும் லூஸா எங்கயாவது கண்ணுல பட்டா எழுதுங்க.